பச்சைத் திரைக்கு ஒரு வெளிச்சம், மனிதருக்கு ஒரு வெளிச்சம்

எரிமலை வெடித்துச் சீறுகின்றது. செந்நிறக் குழம்பு மலைச்சரிவில் வழிந்தோடுகின்றது. அதன் முன்னே, கையில் ஒரு குச்சியுடன் நின்று, ஆசிரியை ஒருவர் அமைதியாகப் பாடம் நடத்துகின்றார். இதைக் காணும் பிள்ளைகள் வியப்பால் வாய் பிளந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியையின் சேலைக் கரை இருக்க வேண்டிய இடத்தில் கரையைக் காணோம். அங்கே நெருப்புக் குழம்பு ஓடிக்கொண்டிருந்தது. “டீச்சர் சேலையிலே நெருப்புப் பிடிச்சிருச்சு!” என்று ஒரு சிறுவன் கூவினானாம்.

இந்த ஆசிரியை நமக்கு நன்கு அறிமுகமானவர். அவருடைய வகுப்பில் ஆண்டுதோறும் சில பிள்ளைகள், பெற்றோர் செங்கல் சூளை வேலைக்குப் புறப்படும்போது உடன் சென்றுவிடுகின்றனர். மாதக்கணக்கில் பள்ளிக்கு வர இயலாத அப்பிள்ளைகளுக்கும் பாடம் போய்ச் சேர வேண்டும் என்று எண்ணி, அவர் தம் பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்து பெற்றோரின் கைப்பேசிக்கு அனுப்பி வந்தார். வெறும் சுவரின் முன் நின்று பேசினால் பிள்ளைகள் இரண்டு நிமிடங்களில் நிறுத்திவிடுகின்றனர் என்பதைக் கண்டபின், ஊதியத்தில் மிச்சம் பிடித்துப் பச்சைத் துணி ஒன்றும் விளக்கு ஒன்றும் வாங்கினார். அதன் பயன்தான் மேலே கண்ட சிரிப்பு.

சேலைக் கரை மட்டுமன்று. தலைமுடியைச் சுற்றிப் பச்சை விளிம்பு. தோளுக்குப் பின்னே அழுக்குப் படிந்தாற்போல் நிழல். கையை அசைத்தால் விரல்கள் பாதி மறைந்து போயின. “இதைவிட விலை உயர்ந்த மென்பொருள் வாங்கினால் சரியாகிவிடுமா?” என்று நம்மிடம் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. ஆகவே, சென்னைப் படப்பிடிப்புத் தளங்களில் நெடுங்காலம் லைட்மேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, நம் ஊரில் வந்து தங்கியிருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் படத்தை ஒருமுறை பார்த்தார்; அறையை ஒருமுறை பார்த்தார். பின் சொன்னார்: “துணி மேலேயும் தப்பு இல்லை, கம்ப்யூட்டர் மேலேயும் தப்பு இல்லை டீச்சர். வெளிச்சம் பிரிச்சுக் கொடுக்காததைக் கம்ப்யூட்டர் எப்படிம்மா பிரிக்கும்?”

இக்கலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது என்பதை அன்று மாலைக்குள் நாம் கற்றுக்கொண்டோம். கற்றதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கறுப்பிலிருந்து பச்சை வரை

ஓரிடத்தில் எடுத்த மனிதரை வேறோர் இடத்தில் எடுத்த காட்சியுடன் இணைப்பது இன்று நேற்றுத் தோன்றிய வித்தையன்று. பிரெஞ்சு நாட்டு ஜார்ஜ் மெலியே 1898-ஆம் ஆண்டிலேயே தம் தலையைக் கழற்றி மேசைமீது வைப்பதாகப் படம் எடுத்துக் காட்டினார். கறுப்பு நிறத்தின்முன் நின்று படமெடுத்தால், கறுப்பு உள்ள பகுதியில் பிலிம் ஒளி படாமல் அப்படியே இருக்கும். பிலிமைத் திரும்பச் சுற்றி, அவ்விடத்தில் வேறொரு காட்சியைப் பதிவு செய்யலாம். இதுவே அடிப்படை.

1918-இல் அமெரிக்கரான பிராங்க் வில்லியம்ஸ், மனிதர் அசையும்போது அவருடனேயே அசையும் முகமூடிப் படம் ஒன்றை உருவாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1940-இல் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’ திரைப்படத்தில் லாரன்ஸ் பட்லர் நீலத் திரையைப் பயன்படுத்திப் பெரும் புகழ் பெற்றார். நம் வாசகர்களில் பலரும் கண்டிருக்கக்கூடிய ‘பத்துக் கட்டளைகள்’ 1956-இல் வந்தது. அதில் செங்கடல் பிளக்கும் காட்சி, தொட்டியில் கொட்டிய நீரைப் பின்னோக்கி ஓடவிட்ட படத்தையும், மனிதர் நடக்கும் படங்களையும் அடுக்கடுக்காக இணைத்து உருவானது. அப்படத்தின் சிறப்புக் காட்சிகளுக்காக ஜான் புல்டன் ஆஸ்கர் விருது பெற்றார். ஆயினும் கூர்ந்து நோக்குவோர்க்கு அப்படத்தில் சில இடங்களில் மனித உருவங்களின் ஓரத்தில் மெல்லிய கோடு தென்படும். ஓரத்தைப் பிரிப்பதுதான் இக்கலையில் மிகக் கடினமான வேலை.

அந்தக் குறையைப் பெரிதும் நீக்கியவர் பெட்ரோ விளாஹோஸ் என்னும் பொறியியலாளர். 1959-இல் வந்த ‘பென்ஹர்’ படத்திற்காக, நிறங்களின் வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பிரிக்கும் முறையை வகுத்தார். இன்று கணினிகள் செய்யும் வேலைக்கும் அதுவே வேர். 1964-இல் வந்த ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் அவர் பங்குகொண்டு உருவாக்கிய முறை இன்னும் வியப்பானது. பின்திரையின்மீது சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை வீசினார்கள். அவ்வொளி 589 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. ஏறக்குறைய ஒரே நிறம். நடிகர்மீது வேறு விளக்குகளின் ஒளி. காமிராவின் உள்ளே அமைந்த ஒரு பட்டகம் அந்த மஞ்சளை மட்டும் பிரித்துத் தனிப் பிலிமுக்கு அனுப்பியது. மற்ற ஒளி வண்ணப் பிலிமுக்குச் சென்றது. கதாநாயகியின் தொப்பியில் தொங்கும் மெல்லிய வலைத்துணியின் ஊடாகக்கூடப் பின்காட்சி தூய்மையாகத் தெரிந்தது. கணினியே இல்லாத காலத்தில், திரைக்கு ஒரு வெளிச்சம், மனிதருக்கு ஒரு வெளிச்சம் என்று பிரித்ததனால் கிடைத்த வெற்றி அது. 1965-இல் விளாஹோஸும் அவருடைய தோழர்களும் அதற்காக ஆஸ்கர் விருது பெற்றனர்.

பச்சை ஏன்?

மனிதத் தோல் எந்த நாட்டினருடையதாயினும், கறுப்போ வெளுப்போ, அதில் சிவப்பின் சாயலே மிகுதி. தூய பச்சையும் தூய நீலமும் தோலில் இல்லை. எனவே அவ்விரண்டில் ஒன்றைப் பின்புலமாக வைத்தால் தோலைத் தனியே பிரித்தெடுப்பது எளிது. பிலிம் காலத்தில் நீலமே பெரிதும் வழங்கியது. மின்னணுக் காமிரா வந்தபின் பச்சை முன்னுக்கு வந்தது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒளியுணர் புள்ளிகள் நான்கில் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டன. இன்றைய காமிராக்களிலும் கைப்பேசிகளிலும் பெரும்பாலும் அந்த அமைப்பே உள்ளது. ஆகவே பச்சையைத்தான் காமிரா மிகத் தெளிவாகக் காண்கிறது. குறைந்த ஒளியிலும் பச்சைத் திரை பளிச்சென்று பதிவாகிறது.

கணினி ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, பச்சையானது சிவப்பையும் நீலத்தையும் எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்று கேட்கிறது. பெரிதும் மிஞ்சினால் அது திரை, நீக்கிவிடலாம். மிஞ்சவில்லையென்றால் அது மனிதர், வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டதே தலைமுடி, விரல் நுனி போன்ற ஓரங்கள். கிளிப்பச்சைக் கரைச் சேலையைக் கணினி திரையென்று கருதியதில் அதன் பிழை ஒன்றுமில்லை. பச்சை ரவிக்கை, பச்சைக் கல் பதித்த தோடு, தலையில் சூடிய மரிக்கொழுந்து யாவும் அவ்வாறே மறைந்துபோகும். பச்சையாடை தவிர்க்க முடியாததென்றால் துணியை நீலமாக மாற்றிக்கொள்வதே வழி.

முதல் வேலை: விலகி நிற்றல்

ஆசிரியையின் மாடி அறை 16 அடி நீளம். துணியிலிருந்து இரண்டடி தூரத்தில் அவர் நின்றிருந்தார். பெரியவர் அவரை ஏழடி முன்னால் வந்து நிற்கச் சொன்னார். அதில் இரு நன்மைகள் உண்டு. அவருடைய நிழல் துணியின்மேல் விழாமல் தரையில் விழுந்துவிடுகிறது. அடுத்து, துணியில் பட்டுத் தெறிக்கும் பச்சை ஒளி, அவர் தலையையும் தோளையும் வந்து தொடுவதற்குள் பெரிதும் வலுவிழந்துவிடுகிறது. நம் பெண்கள் எண்ணெய் தடவி வாரிய கூந்தல் கண்ணாடிபோல் பளபளப்பது. பட்டுச் சேலையும், மூக்குக் கண்ணாடியும், பொன் வளையலும் அவ்வாறே. பச்சை ஒளி முதலில் குடியேறுவது அவற்றில்தான். இடம் குறுகலாயிருப்போர் ஆறடியாவது விட வேண்டும் என்பது பெரியவரின் கணக்கு.

துணியையும் அவர் விடவில்லை. மடித்து வைத்த தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. ஒவ்வொரு மடிப்பும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் காட்டும். கணினிக்கு அவை இரு வேறு பச்சைகள். துணியை இஸ்திரி போட்டு, மேலே ஒரு கம்பில் கோத்து, இரு பக்கமும் கிளிப் போட்டு விறைப்பாக இழுத்துக் கட்டச் செய்தார். பளபளப்பான துணி கூடாது. மங்கலான பருத்தியே உத்தமம்.

திரைக்கு ஒரு வெளிச்சம்

முன்பு ஒரே விளக்கு ஆசிரியைக்கும் துணிக்குமாகச் சேர்ந்து எரிந்தது. துணியின் நடுவில் பிரகாசமும் ஓரங்களில் இருளுமாக இருந்தது. விளக்கிலிருந்து தூரம் இரட்டித்தால் சிறு விளக்கின் வெளிச்சம் பாதியாவதில்லை, நான்கில் ஒன்றாகிவிடுகிறது என்பது பள்ளியில் நாம் படித்த விதி. அதனால்தான் அருகில் வைத்த விளக்கு ஓரிடத்தைச் சுட்டெரித்து, மற்ற இடத்தைப் பட்டினி போடுகிறது.

பெரியவர் புதிதாக விளக்கு வாங்கச் சொல்லவில்லை. வீட்டிலிருந்த நான்கடி எல்.இ.டி. டியூப் லைட்டுகள் இரண்டை எடுத்து, செங்குத்தாக நிறுத்தி, துணியின் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக, மூன்றடி முன்னால், காமிராவின் கண்ணில் படாதவாறு கட்டினார். இரண்டும் ஒரே வகை, ஒரே நிற ஒளி உடையவை. ஒன்று மஞ்சளும் ஒன்று வெண்மையுமாக இருத்தல் ஆகாது. டியூப் லைட்டின் ஒளி ஆசிரியையின் முதுகில் படாதிருக்க, அவர் நிற்கும் பக்கம் அட்டை ஒன்றை வைத்து மறைத்தார்.

இரண்டும் சமமாக எரிகின்றனவா என்று அறிய அவர் காட்டிய வழி நம்மை மகிழச் செய்தது. ஒரு பென்சிலைத் துணியின் நடுவில், துணியை ஒட்டினாற்போல் பிடித்தார். இரு நிழல்கள் விழுந்தன. ஒன்று கருமையாகவும் ஒன்று வெளிறியும் இருந்தது. கருமையான நிழலை வீசும் விளக்கே வலுவானது. அதைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினார். இரு நிழல்களும் ஒத்த சாயல் அடைந்தன. “மீட்டர் கையில இல்லாத நாளிலே பென்சில்தான் மீட்டர்” என்றார் சிரித்துக்கொண்டே. அதன்பின், துணியின் நான்கு மூலைகளையும் நடுவையும் கைப்பேசியில் பார்த்து, எங்கும் ஒரே பச்சையாக இருப்பதை உறுதி செய்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. துணி எவ்வளவு பிரகாசமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அளவு மீறினால் பச்சை வெளிறி நிறமிழக்கும். தெறிக்கும் ஒளியும் மிகும். மிகவும் இருண்டால் படத்தில் புள்ளி புள்ளியாகக் கரகரப்புத் தோன்றும். முகத்தின் வெளிச்சத்திற்குச் சமமாகவோ, அதைவிடச் சற்றுக் குறைவாகவோ இருப்பதே தக்க அளவு.

மனிதருக்கு ஒரு வெளிச்சம்

துணி தயாரானதும் பெரியவர் கேட்ட கேள்வி நாம் எதிர்பாராதது: “எந்தப் படத்துக்கு முன்னாலே நிக்கப் போறீங்க டீச்சர்? அதை முதல்ல காட்டுங்க.” பின்னால் வரப்போகும் காட்சியில் ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறியாமல், முகத்துக்கு விளக்கு வைக்கலாகாது. காட்சியில் சூரியன் இடப்புறம் இருக்க, முகத்தில் வலப்புறம் வெளிச்சம் அடித்தால், பார்ப்பவர்க்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ‘இது பொய்’ என்று மனம் சொல்லிவிடும்.

எரிமலைக் காட்சி மாலை நேரத்தது. வானத்தின் ஒளி இடப்புறமிருந்து வந்தது. ஆசிரியை வாங்கியிருந்த விளக்கை இடப்புறம், தலைக்குச் சற்று மேலே, சாய்வாக வைத்து, அதன்முன் மெல்லிய வெண்துணியைத் தொங்கவிட்டு ஒளியை மென்மையாக்கினார். (எல்.இ.டி. விளக்கு ஆனதால் இது தகும். சூடேறும் பழைய பல்புகளின் அருகே துணியோ தாளோ வைப்பது தீ விபத்தில் முடியும்.) வலப்புறம் வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றை நிறுத்தினார். அதில் பட்டுத் திரும்பும் ஒளி கன்னத்தின் நிழலைத் தணித்தது. பின்னே அலமாரியின்மேல் ஒரு சிறு விளக்கை வைத்து, ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாளைச் சுற்றினார். தோளிலும் கூந்தலிலும் மெல்லிய செவ்வொளி படிந்தது. அந்த ஓர ஒளி உருவத்தைத் திரையிலிருந்து பிரித்துக் காட்டியதோடு, எரிமலையின் தணல்தான் அவர்மீது வீசுகிறதோ என்று நினைக்கவும் வைத்தது.

பெரிய படநிறுவனங்களுக்கும் இதே கவலைதான். 2019-இல் வெளிவந்த ‘மாண்டலோரியன்’ தொடரின் நாயகன் பளபளக்கும் இரும்புக் கவசம் அணிபவன். பச்சைத் திரையின் முன் நிறுத்தினால் கவசம் முழுவதும் பச்சையாகிவிடும். ஆகவே, இருபதடி உயரமுள்ள எல்.இ.டி. திரைகளை வளைத்து நிறுத்தி, பின்காட்சியை அவற்றிலேயே ஓடவிட்டனர். கவசத்தில் பச்சைக்குப் பதிலாக அந்தப் பாலைவன வானமே பிரதிபலித்தது. கருவி எவ்வளவு பெரிதானாலும் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றே: மனிதர்மேல் படும் ஒளி, அவர் நிற்பதாகச் சொல்லப்படும் இடத்தின் ஒளியாக இருக்க வேண்டும்.

காமிராவின் கடமை

இனி காமிரா. ஆசிரியையின் காமிரா அவருடைய கைப்பேசியே. அது தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்துகொள்ளும் நிலையில் இருந்தது. அவர் வெள்ளைத் தாளை உயர்த்தும்போதெல்லாம் கைப்பேசி ‘வெளிச்சம் அதிகம்’ என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிற்று. துணியின் பச்சையும் உடன் மாறிற்று. நொடிக்கொரு பச்சை காட்டினால் கணினி எதைத் திரையென்று கொள்ளும்? ஆகவே வெளிச்சம், நிறம், குவியம் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். முக அழகு கூட்டும் வசதிகள் இருந்தால் அவற்றையும் நிறுத்திவிட வேண்டும். அவை ஓரங்களைக் குழப்புகின்றன.

கைப்பேசியை முக்காலியில் அசையாமல் பொருத்தி, ஆசிரியைக்கு எட்டடி தள்ளி வைத்தோம். உயரம் அவருடைய மார்பளவு. பின்காட்சியை எடுத்தவர் எவ்வளவு உயரத்திலிருந்து எடுத்தாரோ, அதற்கேற்ப இங்கும் வைத்தால்தான் மனிதர் தரையில் நிற்பதாகத் தோன்றும். இல்லாவிடில் அந்தரத்தில் தொங்குவார்.

ஷட்டர் வேகமும் கவனிக்கத் தக்கது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. தரம் குறைந்த விளக்குகள் அதனால் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு என ஷட்டரை வைத்தால் படத்தில் அந்தத் துடிப்புத் தெரியாது. கைகளை வீசிப் பேசுவோர்க்கு 100-இல் ஒரு பங்கே நல்லது. கை மங்கலாகப் பதிந்தால், அம்மங்கலில் பச்சையும் கலந்துவிடும். விரல்கள் பாதி மறைந்ததன் காரணம் இதுவே. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூடியமட்டும் குறைவாக வைக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஒளியை விளக்குகள் தர வேண்டும்.

பதிவின் தரத்தையும் குறைக்கலாகாது. சாதாரணக் காமிராக்கள் இடம் மிச்சப்படுத்த, வெளிச்ச விவரத்தைப் புள்ளிக்குப் புள்ளி பதிந்தாலும், நிற விவரத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவே பதிகின்றன. நிறத்தை நம்பிப் பிரிக்கும் வேலைக்கு இது பெருங்குறை. ஓரங்கள் படிக்கட்டுப்போல் தோன்றும். ஆதலால் கருவி தரும் மிக உயர்ந்த தரத்தில் பதிந்து, வேலை முடிந்தபின் சிறிதாக்கி அனுப்புவதே முறை.

இவ்வளவும் முடிந்து படம் எடுக்கையில் மாலை ஆகிவிட்டது. சன்னல்களை மூடித் திரையிட்டோம். மாறும் பகல் வெளிச்சம் எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும் அல்லவா? நீலச் சேலை உடுத்தி வந்த ஆசிரியை பத்து நிமிடம் பேசினார். பழைய மென்பொருளிலேயே பச்சையை நீக்கினார். கூந்தலின் ஓரம் கறையின்றி நின்றது. பிரிந்து பறந்த ஓரிரு மயிரிழைகளும் தெரிந்தன. புதிதாக ஒரு ரூபாய்கூட மென்பொருளுக்குச் செலவாகவில்லை.

ஒரு சிறுமியின் கேள்வி

இரண்டு வாரம் கழித்து ஆசிரியையைச் சந்தித்தோம். முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. கூடவே ஒரு தயக்கமும் இருந்தது. பிள்ளைகள் இம்முறை சிரிக்கவில்லை. சூளையிலிருந்து ஒரு சிறுமி தன் தந்தையின் கைப்பேசியில் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள்: “டீச்சர், அந்த மலைக்கு எப்போ போனீங்க? சுடலையா?”

“வித்தை சரியாக அமையாதபோது பிள்ளைகள் உண்மையைக் கண்டுகொண்டார்கள், சரியாக அமைந்ததும் நம்பிவிட்டார்கள். ஆசிரியை நானே ஏமாற்றலாமா?” என்று அவர் நம்மைக் கேட்டார்.

நாம் விடை தேடுமுன் அவரே விடை கண்டிருந்தார். அடுத்த பாடத்தின் தொடக்கத்தில் எரிமலையும் இல்லை, கடலும் இல்லை. பச்சைத் துணியும், இரு டியூப் லைட்டுகளும், தெர்மாகோல் பலகையும், அலமாரிமேல் ஆரஞ்சுத்தாள் சுற்றிய விளக்கும் அப்படியே தெரிந்தன. “நான் எங்கேயும் போகலை கண்ணுகளா, நம்ம வீட்டு மாடியிலேதான் நிக்கிறேன். இப்போ பாருங்க” என்று சொல்லி, பிள்ளைகளின் கண்முன்னே துணியை மறையச் செய்து, காட்சியைக் கொண்டுவந்தார். அன்றுமுதல் ஒவ்வொரு பாடமும் பச்சைத் துணியைக் காட்டிய பிறகே தொடங்குகிறது. பாடத்தின் சுவை அதனால் குன்றவில்லை. விளக்குகளைப் பற்றிய கேள்விகளும் இப்போது சேர்ந்து வருகின்றனவாம். சூளையில் இருக்கும் பையன் ஒருவன், துணி வாங்கப் பணம் இல்லாததால் பச்சை வண்ணம் பூசிய சுவர் போதுமா என்று கேட்டிருக்கிறான்.

போதும். சுவர் வழுவழுப்பாகப் பளபளக்காமல், ஒரே சீராகப் பூசப்பட்டிருந்தால் தாராளமாகப் போதும். அவன் அதிலிருந்து ஏழடி விலகி நிற்கட்டும். சுவருக்கு ஒரு வெளிச்சமும் தனக்கு ஒரு வெளிச்சமும் வைத்துக்கொள்ளட்டும்.